அறுநூற்று எழுபது

வண்டியின் இன்ஜின் வெந்துபோனதற்கு ரோண்டாதான் காரணம் என்று கூலாரா ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்தபோது, அந்த வண்டி இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை. லாங்ரீச்சிலிருந்து மேற்கே வரும் நெடுஞ்சாலையில், எழுபதாவது கிலோமீட்டரில், பானட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. அக்டோபர் மாதம். வெயில் நாற்பத்தொன்று. பின்னால் கொக்கி மாட்டிய ட்ரெய்லரில் மூன்று டன் இரும்புக் கம்பங்கள், தொட்டால் தோல் உரியும் சூட்டில் கிடந்தன. ட்ரெய்லரின் நிழலில் ரோண்டா தண்ணீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வழியே போன மாட்டு லாரிக்காரன் ஒருவன் நிறுத்தி விசாரித்தான். நல்லவன்தான், ஐஸ் போட்ட தண்ணீரும் ஒரு ஆப்பிளும் கொடுத்தான். நூறு மீட்டர் போனதும் ரேடியோவை எடுத்து, "நெவிலோட பொண்டாட்டி வண்டியக் கொளுத்திட்டா, யாராவது அவன்கிட்டச் சொல்லுங்க" என்று சொன்னான். நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் ரேடியோ வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், இன்ஜின் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். கொளுத்திவிட்டாளாம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவன் தன் மாடுகளோடு போய்ச் சேர்ந்தான். அந்த வார்த்தை ஊரில் தங்கிவிட்டது.

நெவிலும் ரோண்டாவும் வேலி போடுகிறவர்கள். காட்டுநாய்கள் ஆட்டுக் கிடைக்குள் நுழையாமல் இருக்க, பண்ணையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வலைக்கம்பி வேலி அடிக்கும் தொழில். ஒரு பண்ணை என்றால் அறுபது எழுபது கிலோமீட்டர் வேலி. கல்யாணமான இருபத்திரண்டு வருஷமாக வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது: கம்பத்தை மண்ணில் அடித்து இறக்கும் இயந்திரம் நெவில் கையில், வண்டியும் ட்ரெய்லரும் ரோண்டா கையில். லாங்ரீச் போய்க் கம்பமும் கம்பிச் சுருளும் ஏற்றி வருவது, டீசல் கொண்டுவருவது, தண்ணீர்த் தொட்டி இழுப்பது எல்லாம் அவள். மழையில் சேறாகிப்போன கரிசல் தடத்தில், ஆண்கள் இறங்கி நின்று தலையைச் சொறியும் இடத்தில், அவள் ட்ரெய்லரைப் பின்னோக்கித் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவாள். இந்த ஊருக்கு அது தெரியும். தெரிந்தும் மறந்துபோனதுதான் வயிற்றெரிச்சல்.

மே மாதம் அந்த வண்டியை டியூன் செய்தவன் டேரில். கடலோரத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை, குதிரையில் மாடு மறிக்கும் பந்தயம் நடக்கும்போது, மைதானத்து ஓரத்தில் கூடாரம் போடுவான். டர்போ டீசல் வண்டிகளுக்கு இழுவை கூட்டித் தருவது அவன் தொழில். அவன் கை பட்ட வண்டி மேட்டில் ஏறுவதைப் பார்த்துவிட்டு ஊரே வரிசையில் நின்றது. நெவில் தன் வண்டியைக் கொடுத்தான், அவன் தங்கை ஜோஸ்லினும் அதே மாதிரியான தன் வண்டியைக் கொடுத்தாள். இழுவைக்காக டீசல் அதிகம் எரிந்தால் புகையும் அதிகம் சூடாகும், அந்தச் சூடு எல்லை மீறினால் பிஸ்டன் உருகிவிடும். அதனால் டேரில் இரண்டு வண்டியிலும் புகைச்சூட்டைக் காட்டும் ஒரு மீட்டரை டாஷ்போர்டில் பொருத்திக் கொடுத்தான். எழுநூறு டிகிரி எல்லை, அதற்குள் முள் நின்றால் கவலையே இல்லை என்று சொல்லி அனுப்பினான்.

ரோண்டா அந்த மீட்டரை, அடுப்பில் பால் வைத்தவள் பாலைப் பார்ப்பதுபோலப் பார்த்து ஓட்டினாள்.

சம்பவம் நடந்த மறுநாள், வீட்டுக் கொட்டகையில் இன்ஜெக்டரைக் கழற்றி, ஒயர் நுனியில் இருக்கும் சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது பிஸ்டனின் ஓரம், நாய் கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. நெவில் சமையலறைக்கு வந்தான். கையெல்லாம் எண்ணெய், அதனால் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். ரோண்டா அடுப்பில் ஆட்டு விலாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டேரில், வண்டி போச்சுப்பா. மூணாவது பிஸ்டன் உருகிடுச்சு."

"அடப்பாவமே. மீட்டர் போட்டுக் குடுத்தேனே, பாக்கலையா?"

"பாத்தேன்னுதான் சொல்றா."

"சொல்றாளா? ஓட்டினது யாரு?"

"ரோண்டா."

"ஓ!" என்றது ஃபோன். பிறகு ஒரு சிரிப்பு. "அப்பறம் என்னத்துக்குப்பா என்னைக் கேக்கற?"

நெவிலும் சிரித்தான். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை, மூக்கு வழியாக விட்ட காற்று. ஆனால் சிரிப்பு சிரிப்புதான். ரோண்டா இடுக்கியைக் கீழே வைத்தாள்.

ஃபோனை வைத்த பிறகு அவள் கேட்டாள். "எதுக்கு சிரிச்ச?"

"சும்மா. அவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன்."

"நெவ், என்னைப் பாரு. முள்ளு அறுநூத்தி எழுபதுல நின்னுச்சு. எதிர்க்காத்து அடிச்சுது, அதனால அஞ்சாவது கியர்ல இழுக்க விடாம நாலுக்கு எறக்கினேன். வேகத்தையும் எண்பதுக்குக் கொறச்சேன். அரை மணி நேரம் அறுநூத்தி அம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவுல. அதுக்கு மேல ஒரு மயிரிழை போகல."

"வெயிலு, கண்ணாடில வெளிச்சம் அடிச்சிருக்கும். சரியாத் தெரிஞ்சிருக்காது."

"ஓடற வண்டில இருந்து கழுகா பருந்தான்னு பாத்துச் சொல்றவ நான். ஒரு சாண் தூரத்துல இருக்கற மீட்டர் தெரியலையாம்!"

"சரி விடு ரோண்டா. நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னைத் திட்டினேனா?"

"திட்டியிருந்தாத் தேவலையே! திட்டினா பதிலுக்குத் திட்டலாம். நீ மன்னிக்கற. நான் செய்யாத தப்புக்கு நீ யாருய்யா மன்னிக்க?"

நெவில் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு பீட்ரூட் ஊறுகாயை எடுத்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. கை நீட்டாதவன், மிதமாகக் குடிக்கிறவன், ராக்ஹாம்ப்டன் விடுதியில் படிக்கும் மகளுக்கு ஞாயிறு தவறாமல் ஃபோன் பேசுகிறவன். ஆனால் உலகத்தில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை வெவ்வேறாகச் சொன்னால், அதில் ஒருவர் தன் மனைவியாக இருந்தால், மற்றவரை நம்புவது என்று அவனுக்குள் ஏதோ ஒன்று பழகிப்போயிருந்தது. அவனுக்கே அது தெரியாது. இந்த மாதிரி நல்லவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாடு.

வாய் நிறைய இறைச்சியோடு அவன் சொன்னான், "கொஞ்ச நாளைக்கு ட்ரெய்லர நான் இழுக்கறேன். ஜோஸ் வண்டியக் கேட்டிருக்கேன். வர்ற வருஷம் ஒரு ஆளப் போட்டுக்கலாம். நீ வேலில கிளிப் மாட்டு."

ரோண்டாவின் பங்கு இறைச்சி ஆறிப்போய் வெள்ளைக் கொழுப்பாக உறைந்தது.

வேலிக்குக் கிளிப் மாட்டும் வேலையை அவள் இளக்காரமாக நினைத்தவள் இல்லை. நாளெல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் வலையைக் கம்பத்தோடு சேர்த்து முறுக்க வேண்டும், சாயந்திரம் விரல்கள் மடங்காது. ஆனால் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் இப்போது பக்கத்து சீட்டில் உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஓட்டுகிறவர் இறங்க மாட்டார், பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கிக் கேட்டைத் திறந்து, வண்டி போனபின் மூடிவிட்டு ஏற வேண்டும். அந்தப் பண்ணைக்குப் பதினோரு கேட்டு. பதினோரு தடவை இறங்கி, சங்கிலியை அவிழ்த்து, புழுதியைத் தின்று, பதினோரு தடவை ஏறினாள். கடைக்குப் போனால் அங்கே வேறு கதை. மளிகைக் கடைக்காரர் தீப்பெட்டியைப் பையில் போடும்போது, "பாத்து ரோண்டா, வண்டிப் பக்கம் கொண்டுபோயிடாத" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அந்தத் தீப்பெட்டியைக் குப்பையில் போட்டாள்.

அடுத்த வார வியாழக்கிழமை, நெவில் ஜோஸ்லின் வண்டியில் பாதி ட்ரெய்லர் கம்பத்தை இழுத்துக்கொண்டு மேற்கே போனான். அதே எதிர்க்காற்று. அதே மீட்டர். ரோண்டா சும்மா பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அறுநூத்தி நாப்பது" என்றாள்.

"ம்."

"அறுநூத்தி அம்பது, நெவ்."

"எழுநூறு வரைக்கும் போகலாம். டேரில் சொல்லியிருக்கான்."

"என் வண்டிலயும் அப்படித்தான் சொன்னான்."

"ஆரம்பிச்சுட்டியா?"

அவள் மூக்கில் புழுதி ஏறியிருந்தது. துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். பழைய பதிவுக் காகிதம், நாய்க்கான பிஸ்கட், ஒரு டார்ச் லைட். அடியில் மீட்டர் வந்த அட்டைப் பெட்டியும், அதற்குள் மடிப்பே கலையாத விளக்கத் தாளும். இந்த ஊர் ஆண்கள் மாட்டு மருந்துப் புட்டியில் ஒட்டிய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், பந்தயக் குதிரைகளின் வம்சாவளியை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள், பொருளோடு வரும் விளக்கத் தாளை மட்டும் தொடமாட்டார்கள். தொட்டால் கௌரவக் குறைச்சல். ரோண்டாவுக்குச் செய்வதற்கு வேறு வேலை இல்லை. படித்தாள்.

முதல் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது. இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் வார்ப்பிரும்புக் குழாய், அதாவது மேனிஃபோல்டு, அதில், அந்தப் புகை சுழற்றும் விசிறியான டர்போவுக்கு முன்னால், ஒரு ஓட்டை. சூடு பார்க்கும் கம்பி அதில். டர்போவுக்கு முன்னால் அளக்கும்போது எழுநூறு எல்லை என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில்: டர்போவுக்குப் பின்னால் பொருத்தினால் நூறு முதல் இருநூறு டிகிரி வரை குறைத்துக் காட்டும்.

"நிறுத்து" என்றாள்.

"என்னாச்சு?"

"வண்டிய நிறுத்துங்கறேன்."

நிறுத்தினான். அவள் இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினாள். மீட்டரின் ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒயர் பாட்டரியைத் தாண்டியது, டர்போவைத் தாண்டியது, அதற்கும் கீழே இறங்கி, சைலன்சர் குழாய் ஆரம்பிக்கும் இடத்தில் திருகியிருந்த கம்பியில் போய் முடிந்தது. டர்போவுக்குப் பின்னால். மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், போல்ட் உடையும், அரை நாள் வேலை. சைலன்சர் குழாயில் என்றால் பத்து நிமிஷம். டேரில் பத்து நிமிஷத்து இடத்தில் ஓட்டையைப் போட்டுவிட்டு, அரை நாள் இடத்துக்கு உண்டான எண்ணைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அவள் நெவிலைக் கூப்பிட்டுக் காட்டினாள், தாளையும் காட்டினாள். அவன் தொப்பியைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"இருபது வருஷமா இதே வேலையா இருக்கறவன் ரோண்டா. அவனுக்குத் தெரியாததா ஒரு தாளுக்குத் தெரிஞ்சிடப் போவுது?"

"அப்ப எனக்குத் தெரியாது, தாளுக்கும் தெரியாது, மீட்டருக்கும் தெரியாது. டேரிலுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்ற."

அன்றைக்கு மத்தியானம் வேலிக் கம்பத்து ஓரமாக நின்று, சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் ஏறி, அவளே டேரிலுக்கு ஃபோன் போட்டாள்.

"ஏம்மா, அதெல்லாம் நீங்க மண்டையப் போட்டு ஒடச்சிக்காதீங்க" என்றான் அவன். குரலில் தேன். "பின்னால வைக்கறதுதான் பத்திரம். முன்னால வெச்சு, நுனி ஒடஞ்சு விழுந்துச்சுன்னா டர்போ போயிடும். மிஞ்சிப்போனா இருபது முப்பது டிகிரி வித்தியாசம் வரும்."

"நீங்க அளந்து பாத்திருக்கீங்களா?"

"இருபது வருஷ அனுபவம்மா."

"வருஷத்தக் கேக்கல. அளந்தீங்களான்னு கேட்டேன்."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஃபோனக் குடுங்களேன்" என்றான்.

அவள் ஃபோனை அணைத்தாள். அந்த மேட்டில் நின்று, காய்ந்த மிட்செல் புல்வெளியைப் பார்த்து, அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் அவனுக்குத் தகும்.

ஜோஸ்லின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், ஸ்பானரை அண்ணனைவிட நன்றாகப் பிடிக்கிறவள். தாளைப் படித்துவிட்டுச் சமையல் மேசையில் வைத்தாள்.

"அண்ணி, என் வண்டியும் இப்படியே போயிருக்கும்ல?"

"இன்னும் ரெண்டு தடவ இழுத்திருந்தான்னா போயிருக்கும்."

"எங்கண்ணன் என்ன சொல்றான்?"

"டேரில் தெய்வமாம்."

ஜோஸ்லின் டீயில் பிஸ்கட்டை முக்கினாள். "வாயால சொன்னா இவனுங்களுக்கு ஏறாது அண்ணி. இன்னொரு மீட்டர் வாங்குவோம். பின்னால இருக்கறது அப்படியே இருக்கட்டும். முன்னால ஒண்ணு போடுவோம். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

மீட்டர் பிரிஸ்பேனிலிருந்து தபால் லாரியில் வந்து சேர எட்டு நாளானது. பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பஸ்ஸை விட்டுவிட்டு வந்த ஜோஸ்லினும் ரோண்டாவும் கொட்டகையில் இறங்கினார்கள். தகரக் கூரைக்குக் கீழே அடுப்புக்குள் நிற்பதுபோல இருந்தது. முந்தின நாளே போல்டுகளில் எண்ணெய் தெளித்து ஊற விட்டிருந்தார்கள். வெப்பம் தடுக்கும் தகட்டைக் கழற்றி, டர்போவை விடுவித்து, மேனிஃபோல்டு போல்டுகளை ஒவ்வொன்றாக இளக்கினார்கள். கடைசி ஒன்று அசையவில்லை. ஜோஸ்லின் காஸ் பர்னரால் அதைச் சுட்டாள். ரோண்டா நீளக் குழாயை ஸ்பானரில் செருகி, மூச்சைப் பிடித்து, உடம்பை முழுக்கச் சாய்த்தாள். கிறீச்சென்று இளகியபோது இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மேனிஃபோல்டை வைஸில் இறுக்கி டிரில் போட்டார்கள், சாம்பல் நிறத் தூள் கொட்டியது. நிதானமாக மரை போட்டு, ஒரு துகள் இல்லாமல் காந்தத்தாலும் காற்றாலும் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டினார்கள். முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. குளிர்ந்த உப்பு இறைச்சியையும் தக்காளியையும் ரொட்டிக்கு நடுவே வைத்து, கறுத்த கையோடு நின்றபடியே தின்றார்கள்.

சனிக்கிழமை காலை ட்ரெய்லரில் அதே மூன்று டன். ரோண்டா நெவிலிடம் சொன்னாள்:

"நீ ஓட்டு."

"நான் எதுக்கு? உன் சோதனைதானே?"

"நான் ஓட்டினா, பொம்பள ஓட்டினா அப்படித்தான் இருக்கும்பீங்க. நீயே ஓட்டு. உன் கால், உன் கியர். நான் வாயத் தொறக்கல."

ஊருக்கு வடக்கே தட்டையான வெளி திடீரென்று ஒரு மேடாக எழும்பும். சாலை அதில் வளைந்து வளைந்து ஏறும். நெவில் கியரை இறக்கி ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். டாஷ்போர்டில் இரண்டு மீட்டர், இடதுபுறம் பழையது, வலதுபுறம் புதியது. அடிவாரத்தில் பழையது நானூற்று நாற்பது, புதியது ஐந்நூற்று இருபது. முதல் வளைவில் ஐந்நூற்று எண்பது, எழுநூற்றுப் பத்து. நெவில் ஒருதரம் பார்த்துவிட்டு சாலையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். இரண்டாவது வளைவில் பழைய முள் அறுநூற்று நாற்பதில், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி அடக்கமாக நின்றது. புதிய முள் எண்ணூறைத் தாண்டியது. ரோண்டா வாயைத் திறக்கவில்லை. பின் சீட்டில் இருந்த ஜோஸ்லின்தான் கத்தினாள்:

"அடேய், கால எடுடா! அது என் இன்ஜின்!"

அவன் காலை எடுத்தான். மேட்டின் உச்சியில் ஓரமாக நிறுத்தி, சூடு மெல்ல இறங்கட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டான். இரண்டு மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டுல எது சரி?" என்றான் கடைசியில்.

"ரெண்டும் சரி" என்றாள் ரோண்டா. "பொய் சொல்ற மீட்டர் எதுவும் இல்ல. புகை டர்போவச் சுத்திவிட்டுட்டு, அந்த அலுப்புல ஆறிப்போய் வெளிய வருது. அந்த மீட்டர் ஆறினதப் பாக்குது. இது பிஸ்டன் படற சூட்டப் பாக்குது."

"அப்ப நீ அன்னிக்கு அறுநூத்தி எழுபதுன்னு சொன்னது..."

"எண்ணூத்தி நாப்பது, அம்பது இருந்திருக்கும் உள்ள. அரை மணி நேரம்."

நெவில் நெற்றியைத் துடைத்தான். "நீ சொன்னது சரிதான் ரோண்டா."

"இல்ல நெவ். முள்ளு சொன்னது சரிதான். நான் சொல்லிப் பதினாறு நாளாச்சு. இருபத்திரெண்டு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினவளோட வார்த்தை போதல. நேத்து தபால்ல வந்த ஒரு முள்ளு சொன்னதும் போதுமாயிடுச்சு. அதுதான் எனக்கு எரியுது. வண்டி போனதுகூட இல்ல."

நெவில் தலையைக் குனிந்துகொண்டான். நல்லவர்கள் இந்த இடத்தில் இப்படித்தான் செய்வார்கள், அதையும் நாம்தான் பார்த்துப் பரிதாபப்பட வேண்டும். ரோண்டா பரிதாபப்படவில்லை.

"மைதானத்துக்கு ஓட்டு" என்றாள். "டேரில் அங்கதான் இருக்கான். உன் சிரிப்ப அவன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். அங்க வெச்சுச் சொல்லு."

மைதானத்தில் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. மாடுகள் கத்திக்கொண்டிருந்தன, ஒலிபெருக்கி யாரோ ஒருவரின் குதிரையைப் புகழ்ந்தது. வேலி ஓரமாக டேரிலின் கூடாரம். முன்னால் ஒன்பது வண்டி, ஒன்பது வண்டிக்காரர்கள், கையில் குளிர் போகாதபடி உறையிட்ட பீர் டப்பா. ஜோஸ்லின் வண்டி நேராகக் கூடாரத்துக்குள் மூக்கை நீட்டி நின்றது.

நெவில் இறங்கினான். பானட்டைத் தூக்கிக் காட்டினான். மேட்டில் பார்த்ததைச் சொன்னான். இரண்டு எண்ணையும் சொன்னான். சொல்ல வேண்டியதை அவன் சரியாகவே சொன்னான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஒன்பது பேரும் வண்டியைச் சுற்றிக் குனிந்துவிட்டார்கள். ஒருவர் மரை எந்த அளவு என்றார். ஒருவர் நுனி எவ்வளவு உள்ளே போகிறது என்றார். ஒருவர் நெவில் முதுகில் தட்டி, "நல்லவேளை, நீ கண்டுபிடிச்சப்பா!" என்றார். டேரில் இருக்கிறானே, அவன் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுருதி மாற்றிக்கொண்டான்.

"முன்னால வைக்கறதுதான் உத்தமம்னு நான் எப்பவும் சொல்றதாச்சே. விருப்பப்பட்டவங்க சொல்லுங்க, இன்னிக்கே மாத்தித் தர்றேன்."

இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள்!

"நான் கண்டுபிடிக்கல" என்றான் நெவில். சத்தம் போதவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "அவ கண்டுபிடிச்சா. முதல் நாள்லேருந்தே சொன்னா. நான் நம்பல. ஃபோன்ல இவனோட சேந்து சிரிச்சேன்."

குனிந்திருந்தவர்கள் மெல்ல நிமிர்ந்தார்கள். யாரோ ஒருவர், "சரி விடுப்பா, ஒரு பீரக் குடி" என்றார்.

ரோண்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு டேரிலுக்கு எதிரில் போய் நின்றாள்.

"அன்னிக்கு ஓட்டினது யாருன்னு கேட்டீங்க. இன்னிக்கு நான் கேக்கறேன். ஓட்டை போட்டது யாரு?"

"அம்மா, எல்லாரும் அங்கதான் போடறாங்க..."

"எல்லாரையும் கேக்கல. என் வண்டில போட்டது யாரு?"

அவன் கையில் இருந்த துணியால் துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தான். "நான்தான்" என்றான். அது எலியின் குரல் மாதிரி வந்தது.

ஒன்பது பேரில் ஒருவர் நகர்ந்து போய்த் தன் வண்டியின் பானட்டைத் தூக்கினார். பிறகு இன்னொருவர். ஒயரைத் தொட்டுக்கொண்டே போனார்கள், டர்போவைத் தாண்டிக் கீழே. அடுத்தடுத்து ஒன்பது பானட்டும் திறந்தன. எல்லாம் பின்னால். யாரும் பீர் குடிக்கவில்லை.

பக்கத்தில் இறைச்சி ரொட்டி விற்கும் கடை. அங்கே வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த கோரல், சட்டுவத்தைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றிருந்தாள். அறுபதை நெருங்கியவள், ஊருக்குத் தெற்கே ஆட்டுப் பண்ணைக்காரி. போன வருஷம் குதிரை ஏற்றும் ட்ரெய்லரை இழுத்து வரும்போது அவள் கையில் ஒரு இன்ஜின் போனது. அதிலிருந்து அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. எங்கே போனாலும் கணவன் ராஸ்தான் கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். வயதாகிவிட்டது, நிதானம் போய்விட்டது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அவள் ஆண்களைப் பார்க்கவில்லை. ரோண்டாவிடம் கேட்டாள்.

"எங்களதும் இவன்தான் பண்ணினான். அறுநூத்தி அம்பதைத் தாண்டல, நான் பாத்தேன். பாத்தேன்னுதான் நெனச்சேன். அப்பறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, பாக்கலையோன்னு ஆயிடுச்சு." சட்டுவத்தைக் கை மாற்றிக்கொண்டாள். "அப்ப நான் பாத்தேனா?"

"பாத்தீங்க" என்றாள் ரோண்டா. "சரியாத்தான் பாத்தீங்க."

கோரல் தலையை ஆட்டினாள். ஏப்ரனை அவிழ்த்துச் சட்டுவத்தோடு சேர்த்து டேரிலின் கருவி மேசையில் வைத்தாள். வரிசையில் நான்காவதாக நின்ற ராஸிடம் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"எங்க போகப் போற கோரல்? வெங்காயம் கருகுதே."

"கருகட்டும்" என்றாள் அவள். "குடு."